உள்ளிட்டோர்

சிவசண்முகம் வக்கீல் சிவப்புப் பேனாவால் கோமுவை அடித்தார். அடுத்து வன்னியராஜை. மேசைக்கு எதிரே நின்ற சந்தனமாரி, மூன்றாவது பெயர்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள்.

"கைய எடும்மா. எழுத்து வாதம் இருபது பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கோர்ட்ல சொல்லியிருக்கு. நீ ஆளுக்கொரு தாள்னு அறுபது கொண்டாந்திருக்க. எல்லாரும் சொல்லுதது ஒண்ணுதான? கம்பெனிக்காரன் மதில் கட்டி வாய்க்கால அடைச்சிட்டான், வயலு காயுது. 'சந்தனமாரி உள்ளிட்டோர்'னு போட்டா முடிஞ்சு போச்சு."

"போன கோடையிலயும் அப்படித்தான் முடிஞ்சு போச்சு, ஸார்."

பேனா நின்றது. போன கோடையில் இடைக்கால உத்தரவு வந்து, மதிலின் அடியை உடைத்துத் தண்ணீர் விட்டார்கள். உத்தரவிலும் 'சந்தனமாரி உள்ளிட்டோர்' என்றே இருந்ததால், பெயர் இருப்பது அவளுக்கு மட்டும்தான் என்று அதிகாரி அவள் வயல் மடையை மட்டும் திறக்கச் சொன்னார். கடைமடை முழுக்க வெடித்துக் கிடக்க, நடுவில் தன் வயல் மட்டும் பச்சை பிடிப்பதா? மண்ணை வெட்டிப் போட்டுத் தன் மடையைத் தானே அடைத்தாள். "கிறுக்கச்சி" என்று அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார். முறைத்தண்ணீர் பாயும் நாளில் அவள் ஊரில் மடையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். "நிக்கேன்" என்று அந்த ஆள் குரல் கொடுத்த பிறகுதான் வயலுக்கு வெட்டிவிடுவது. உள்ளிட்டோர் என்று யாரும் அங்கே வந்து நின்றதில்லை.

"கூடுதல் பக்கத்துக்கு அனுமதி கேட்டு ஒரு மனு போடுங்க ஸார்."

"தள்ளிட்டாவன்னா?"

"மறுபடி போடுவோம். தண்ணி வராத வயலுக்காரிக்கு வேற என்ன சோலி கெடக்கு?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கட்சிக்காரி வந்து வாய்ச்ச, போ" என்று பேனாவை மூடினார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கடைமடைக்காரர்கள் வேன் பிடித்து வந்து பின்பெஞ்சுகளை நிறைத்தார்கள். இடம் போதாமல் மிச்சப்பேர் வராந்தாவில் நின்றார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, ஒரே பாட்டை அறுபது தடவை பாட அனுமதி கேட்கிறார்கள் என்றார்.

நீதிபதி சந்தனமாரியைப் பார்த்தார். "கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?"

சிவசண்முகம் வாயெடுப்பதற்குள் அவள் முன்னால் வந்திருந்தாள்.

"குறைக்கலாம், ஐயா. யாரன்னு நீங்களே சொல்லிருங்க. எல்லாரும் இங்கனதான் நிக்காவ. 'ஒன் வயலு காஞ்சது கணக்குல இல்ல'ன்னு அந்த ஆள்கிட்ட ஐயாவே ஒரு வார்த்த சொல்லிட்டா, நானே அந்தத் தாளக் கிழிச்சிருதேன்."

"பையப் பேசும்மா" என்று வக்கீல் பல்லைக் கடித்தார். அவள் பின்வாங்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மேசைமேல் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். நீக்குவதற்கு எடுத்தாரோ, படிப்பதற்கு எடுத்தாரோ, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. உதட்டுக்குள்ளேயே படித்துக்கொண்டு போனவர், பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார்.

"கோமு."

"நிக்கேன்!"

வரப்புவிட்டு வரப்புக்குக் கேட்கும் குரல், வராந்தாவிலிருந்து வந்தது. கதவருகே நின்ற கோர்ட் டவாலி திரும்பி முறைத்தார். பின்பெஞ்சில் வன்னியராஜ் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் பெயருக்காக எழுந்து நின்றார்.