யாரும் பார்க்காத சீட்டு

சத்தம் போட்டு மிரட்டுகிறவனைக்கூட நம்பிவிடலாம். சிரித்துக்கொண்டே மிரட்டுகிறான் பாருங்கள், அவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் கேட்டரிங் நடத்தும் ரத்னவேல் அந்த இரண்டாவது ரகம்.

தேர்தல் வாரத்தில் ஒரு நாள், சாம்பார் கிளறிக்கொண்டிருந்த விசாலாட்சியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நம்ம வேலாயுதம் அண்ணன் நிக்கிறாரு. உங்க வீடும் அந்தத் தொகுதிதானே?"

"ஆமா பாஸ்."

"ஓட்டுச் சீட்டுல நம்பர் இருக்கும், பார்த்திருப்பீங்க. சும்மாவா போடுவாங்க? யாரு யாருக்குக் குத்துனாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும்லா. உள்ள ஆளு இருக்கு." கரண்டியை வாங்கி ஒரு சொட்டு ருசி பார்த்தான். "உப்பு கம்மி."

அவ்வளவுதான், போய்விட்டான். விசாலாட்சி உப்பை இரண்டு முறை போட்டாள்.

வேலாயுதத்தை எதிர்த்து நிற்பவள் ரோஷினி. விசாலாட்சியின் கணவர் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற மகள்போல் கூடவே அலைந்தவள். அவளுக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது? அது எப்போதோ முடிவான விஷயம். ஆனால் படுக்கையில் கிடக்கும் மனிதரை வைத்துக்கொண்டு, இந்த வயதில் வேலை போனால் யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்?

வாக்களிப்பு நாள் காலையில் உட்லண்ட்ஸில் தன் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். உள்ளே கால் வைத்ததும் பகீரென்றது. கட்சி ஏஜெண்டுகளின் நாற்காலியில், கழுத்தில் அட்டை தொங்க, ரத்னவேல்! அட பாவி, இங்கேயுமா!

அதிகாரி அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு, அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார். ஏஜெண்டுகள் காதில் விழட்டும் என்று எல்லாருக்கும் செய்கிற வழக்கம்தான். முந்தைய தேர்தல்களில் அவள் அதைக் கவனித்ததுகூட இல்லை. இன்றைக்கோ, பெயரைக் கேட்டதும் ரத்னவேல் குனிந்து என்னவோ குறித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். விசாலாட்சிக்கு அந்தக் கூடமே பேயாகத் தெரிந்தது.

அட்டைத் தடுப்புக்குள் நின்று சீட்டைத் திருப்பினாள். நம்பர் இருந்தது. சொன்னது சரிதான்! மறுபடி திருப்பினால், படத்தில் ரோஷினி சிரிக்கிறாள். பின்னால் ஓர் ஈ, காக்கை இல்லை. ஆனாலும் ரத்னவேலின் கண் பிடரியில் ஊர்வதுபோல் இருந்தது.

"மன்னிச்சிடும்மா," என்று முணுமுணுத்துவிட்டு, வேலாயுதத்தின் படத்துக்குப் பக்கத்தில் X குறி பதிக்கும் முத்திரைப் பேனாவை அழுத்தினாள்.

அன்றிரவு முடிவு வந்தது. ரோஷினி ஜெயித்துவிட்டாள்.

மறுநாள் சமையல்கூடத்தில் வேறொரு பெண் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள். ரத்னவேல் முகத்தில் சிரிப்பில்லை.

"இனிமே வர வேணாங்க்கா."

"நான் என்ன பாஸ் பண்ணேன்?"

"அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்து போறவளாமே. நீங்க வேற யாருக்குப் போட்டிருப்பீங்க?"

"சாமி சத்தியமா அண்ணனுக்குத்தான் போட்டேன்! நம்பர் இருக்குல்ல? உங்க ஆளையே கேட்டுப் பாருங்க!"

ரத்னவேல் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "என்னக்கா நீங்க, வெவரம் தெரியாம. எல்லாத்தையும் சீல் வெச்சிடுவாங்க. அத யாரு பார்க்க முடியும்? அண்ணனுக்குத்தான் போட்டேன்னு எல்லாருந்தான் சொல்றாங்க."

விசாலாட்சிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பொய்யனை நம்பியா! வேலையும் போச்சு, ஓட்டும் போச்சு. தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் அவள் புளோக் வாசலுக்கு வாக்காளர்களுக்கு நன்றி சொல்லும் லாரி வந்தது. மேலே நின்று கையசைத்த ரோஷினி, கூட்டத்தில் விசாலாட்சியைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! யாரு போட்டாலும் போடாட்டியும், நீங்க எனக்குத்தான் போட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும்லா!"

விசாலாட்சி அந்தக் கைகளையே பார்த்தாள். பொய்யென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமாம்மா," என்றாள்.