இளைஞர் காலியிடம்

எங்கள் வார்டுக்கு ஒரே ஒரு இளைஞருக்குத்தான் அனுமதி. அந்த இடத்தில் முப்பத்தெட்டு வருடமாகச் செண்பகராமன் இருக்கிறார். வயது எழுபத்து மூன்று. இளைஞர் மன்றத் தலைவர்.

எனக்கு இருபத்தாறு. நான் இன்னும் எதுவும் இல்லை.

உப்பளத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இளைஞர்கள் மட்டும். 'இளைஞர்' சான்றிதழோடு அன்று மாலை ஐந்து மணிக்குள். அக்கா அந்த விளம்பரத்தை வெட்டி என் சட்டைப்பையில் திணித்தாள்.

"இதையும் கோட்டை விட்டுட்டு வந்து நிக்காத."

சொல் வழங்கும் அலுவலகத்துக்குப் போனேன். முதல் ஜன்னலில் அமலோற்பவம் என்ற அம்மாள் இருந்தார்.

"இளைஞர் காலி இல்ல தம்பி. வேற சொல்லு தரட்டா?"

"அதே அர்த்தம் வருமா?"

"வரும். செல்லாது."

அலமாரியைத் திறந்து காட்டினார். 'வாலிபர்' வேண்டுமென்றால் பைக் விபத்தில் சிக்கியிருக்க வேண்டும். 'விடலை'க்கு டீக்கடைக்காரர் புகார் தர வேண்டும். 'பையன்' உடனே கிடைக்கும். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை திருப்பித் தர முடியாது. 'யூத்' நாற்பத்தைந்து முடிந்தவர்களுக்கு மட்டும்.

யூத்தையாவது மொழிபெயர்த்துத் தரச் சொல்லி மூன்றாவது ஜன்னலுக்குப் போனேன். மொழிபெயர்த்தார்கள். 'செண்பகராமன்' என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். நடைவழியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடக்க நடக்க நடைவழி நீண்டது. "தம்பி, ஓரமா போங்க" என்றார்கள். கொஞ்ச தூரத்தில் "அண்ணே" என்றார்கள். பிறகு "சார்". பெஞ்சை அடைந்தபோது பியூன், "பாத்து உக்காருங்கய்யா" என்றான். கடிகாரத்தில் மணி நாலரைதான் ஆகியிருந்தது.

"இடத்த விடுங்க. எனக்கு வேலை வேணும்."

"விட்டுட்டு எங்க போக? முதியோர் பிரிவுல இடமில்ல. அங்க ஒருத்தரும் எந்திக்க மாட்டேங்காங்க."

"இத்தன வருஷம் இங்க என்னதான் செஞ்சீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதே உப்பளம். அதே விளம்பரம். மடிப்புகளில் கிழிந்திருந்தது.

அப்போது உள்ளேயிருந்து மணி அடித்தார்கள். முதியோர் பிரிவில் ஒரு நாற்காலி காலி. செண்பகராமன் டிபன்பாக்ஸை என் மடியில் வைத்துவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

அமலோற்பவம் சான்றிதழோடு வந்தார்.

"இனி நீங்கதான் இளைஞர். கையெழுத்துப் போடுங்க பெரியவரே."

போட்டேன். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் வரவில்லை. ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

நடைவழியில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் புதிதாக வெட்டிய விளம்பரம்.

"ஐயா, அந்த இடத்த எனக்கு விடுவீங்களா? அஞ்சு மணிக்குள்ள போகணும்."

சான்றிதழை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஒனக்கு என்னம்மா அவசரம்? இன்னும் வயசு இருக்கு."