இரண்டு ஷிப்ட் தாய்ப்பால்

மதியம் ஒன்று ஐம்பத்தைந்துக்கு அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். பின்கதவைத் திறந்துகொண்டு சின்னவள் கைப்பையோடு குதிப்பாள். முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெரியவள் அதே கதவு வழியாக ஏறிக்கொள்வாள். உள்ளே இரண்டு கைக்குழந்தைகள் கிடக்கும். ஒன்று சின்னவளின் மகள். தலை பெரிதாகவும் உடம்பு குச்சியாகவும் இருந்ததால் வீட்டில் அவளுக்கு ஆணி என்று பேர். இன்னொன்று பெரியவளின் மகன். தூக்குகிறவர்களின் இடுப்பைக் கழற்றிவிடுவான் என்பதால் மூட்டை.

"ஷிப்ட் மாறியாச்சு! பால் வண்டி போகலாம் ரைட்!" என்று வாசல் காவலாளி தினமும் கத்துவார். வேறு யாரும் சிரிக்காததால் தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள் இந்த இரண்டு பேரும். மூன்று வார இடைவெளியில் பெற்றார்கள். தொழிற்சாலை கொடுத்தது மூன்று மாத விடுப்பு, அதற்கு மேல் ஒரு நாள் இல்லை. யாராவது ஒருத்தி வேலையை விடுவாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். இரண்டு பேருமே விடவில்லை. பெரியவள் காலை ஆறு முதல் இரண்டு வரை, சின்னவள் இரண்டு முதல் இரவு பத்து வரை. வீட்டில் யார் இருக்கிறாளோ அவள் இரண்டு வாய்க்கும் பால் கொடுப்பாள். புட்டி கிடையாது, பவுடர் கிடையாது. இரவுக்கும் முறை வைத்திருந்தார்கள். ஒரு ராத்திரி இவள் இரண்டையும் பக்கத்தில் போட்டுக்கொண்டால் மறு ராத்திரி அவள். முறை இல்லாதவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள்.

முதல் வாரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே சின்னவளுக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. கழிப்பறையில் பிழிந்து ஊற்றும்போது வயிறு எரிந்தது. அப்புறம் உடம்பு பழகிவிட்டது. உடம்பு அப்படித்தான், முதலாளி சொல்வதைக் கேட்டுக்கொண்டுவிடும்.

வேனை ஓட்டுவது சின்னவளின் புருஷன். கடைகளுக்கு ரொட்டி போடுகிற கம்பெனி வண்டி அது. பெரியவளின் புருஷன் சரக்குக் கப்பலில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அதனால் பெரியவளுக்குக் கடலே கருத்தடை. கவலை எல்லாம் சின்னவளுக்குத்தான். அவளுக்கும் முதலில் கவலை இருக்கவில்லை. காரணம், சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள்.

பிரசவம் முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் அது. தாய்ப்பால் கொடுத்தே அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடலாம் என்று தலைப்பு. கீழே மூன்று வரி. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். புருஷன்காரன் அதைப் பசை போட்டு ஒட்டியே விட்டான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் எண்ணெய், தண்ணீர், டயர் என்று டிக் அடித்துப் பழகிய கை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேனாவை எடுத்து மூன்று வரிக்கும் மூன்று டிக் அடிப்பான்.

"மூணும் ஓகே. வண்டி எடுக்கலாம்" என்று கண்ணடிப்பான்.

"நான் என்ன உங்க ரொட்டி வேனா?" என்பாள் சின்னவள். ஆனால் அவளும் சிரிப்பாள். மாத்திரை வேண்டாம், செலவு வேண்டாம், குழந்தையும் பசியாறுகிறது. இயற்கை இப்படி ஓசியில் ஒன்றைக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

இதற்கிடையில் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஏறியது. தையல் மெஷின் மெக்கானிக் பயிற்சி, நான்கு பேர், ஆறு மாதம். இதுவரை அந்தப் பயிற்சிக்கு ஒரு பெண்ணும் போனதில்லை. முந்நூறு மெஷினிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு மெஷின் நின்றால் ஒரு ஆண்பிள்ளை வந்து ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு யோசிப்பான். சின்னவள் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அவள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டம் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்க, அவள் நான்கு வருஷமாகக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வு எழுதினாள், முதல் ஆளாக வந்தாள். இருபது நாளில் உடல்நலப் படிவம் கொடுத்துவிட்டுச் சேர வேண்டும். அதில் ஒரு கேள்வி: கர்ப்பமாக இருக்கிறீர்களா? ஆம் என்றால் அடுத்த பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பயிற்சி மூன்று வருஷம் கழித்து.

அந்த வாரம்தான் தடுப்பூசி நாள் வந்தது. பெரியவள் ஷிப்டில் இருந்தாள். சின்னவள் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனாள். ஊசி போட்டதும் இரண்டும் ஒரே சுருதியில் அலறின. அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் மூட்டை என்று அமர்த்தினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு உலகத்தையே சந்தேகப்படுகிற அம்மா அவர்.

"இரட்டையா? பார்த்தா அப்படித் தெரியலையே. ஒண்ணோட சோத்தை ஒண்ணு புடுங்கித் தின்ன மாதிரி இருக்கு."

"இது என்னுது சிஸ்டர். இந்தத் தடியன் எங்க ஓரகத்தியோடது." சின்னவள் பெருமையாக ஷிப்ட் கதையைச் சொன்னாள். இரவு முறையையும் சொன்னாள்.

"நல்லா இருக்கும்மா. உங்க ரெண்டு பேருக்கும் எந்த நோயும் இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு, குழந்தைங்களும் நல்லா இருக்கு. சரி, அடுத்தது வராம இருக்க என்ன பண்றே?"

"அதான் பால் குடுக்குறேனே. மூணு டிக்கும் சரியா இருக்கு."

நர்ஸ் கையில் இருந்த ஊசித் தட்டைக் கீழே வைத்தார். "மதியம் ரெண்டு மணிக்கு வேலைக்குப் போறே. உன் முறை இல்லாத ராத்திரி, மறுபடி எப்போ பால் குடுப்பே?"

"அக்கா காலையில அஞ்சரைக்குக் கிளம்புவாங்க. அப்புறம்தான்."

"பதினஞ்சரை மணி நேரம்!"

"குழந்தை பட்டினி இல்லையே சிஸ்டர். அக்கா குடுத்துடுவாங்க."

"குழந்தை பட்டினியான்னு யாருடி கேட்டா? குழந்தை உறிஞ்சினாதான் உன் மூளைக்குச் சேதி போகும். சேதி போனாதான் கருமுட்டை தூங்கும். பகல்ல நாலு மணி நேரம், ராத்திரியில ஆறு மணி நேரம், அதுக்கு மேல இடைவெளி விடக் கூடாது. உன் பிள்ளை உங்க அக்காகிட்ட உறிஞ்சினா சேதி அவளுக்குப் போகும், உனக்கா வரும்?"

சின்னவள் விடவில்லை. "ஆனா வீட்டுல இருக்கும்போது ரெண்டு பேருக்குக் குடுக்குறேனே. ரெண்டு மடங்கு..."

"இது உண்டியல் இல்லம்மா, சேர்த்து வைக்க. இந்த முறை பொய்யில்லை. ஒழுங்கா செஞ்சா நூத்துக்கு ரெண்டு பேர்கூடத் தவற மாட்டாங்க. நீ செய்யறது இந்த முறையே இல்ல."

"பீரியட்ஸ் இன்னும் வரலையே சிஸ்டர்?"

"முதல் பீரியட்ஸுக்கு முன்னாடியே முட்டை வந்துடும். முன்கூட்டி லெட்டர் போட்டுட்டா வரும்?"

சோதனை செய்து பார்த்தார்கள். ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை. சின்னவள் மூச்சு விடுவதற்குள் நர்ஸ் கேட்டார்: "கடைசியா எப்போ?"

"முந்தாநாள்."

"அப்போ இதை நம்ப முடியாது. மூணு வாரம் கழிச்சு வா. அது வரைக்கும் உறை இல்லாம கிட்ட விடாதே."

மூன்று வாரம் என்றால் இருபத்தொரு நாள். படிவத்துக்கு மீதி இருப்பது பதினெட்டு நாள். இயற்பியல் படித்தவளுக்கு இந்தக் கழித்தல் உடனே வந்தது.

வீட்டுக்கு வந்தவள் குழந்தைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, வெந்நீரும் கரண்டியுமாக அலமாரிக் கதவின் முன் நின்றாள். தாள் முனை முனையாக உரிந்து வந்தது. பின்பக்கம் பசையில் பாதி எழுத்து போயிருந்தது. மீதியில், பகலில் நான்கு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரம் என்று தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாலு மாசமாக மூன்று டிக்கைப் பார்த்துச் சிரித்தவள், தாளுக்கு முதுகு உண்டா என்று ஒரு தடவை யோசித்தாளா?

புருஷன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யோவ், யாராவது பின்பக்கம் படிக்காம ஒட்டுவாங்களா?"

"பின்னாடியும் இருந்துச்சா?" என்றான் அவன், உண்மையான ஆச்சரியத்தோடு. "சரி விடும்மா. வந்தா வரட்டும். குழந்தைதானே, வெடிகுண்டா வருது?"

"உங்களுக்குக் குழந்தை. எனக்கு அது மூணு வருஷம்."

அவன் தாளை வாங்கிப் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். அன்று சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டான். போனான். இருமல் மருந்து, குழந்தைப் பவுடர், ஒரு சீப்பு ஆகியவற்றோடு திரும்பினான்.

"கடையில தெரிஞ்சவங்களா இருந்தாங்க" என்றான் தரையைப் பார்த்து.

மறுநாள் காலை சின்னவளே போனாள், இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளோடு. "ஆணுறை ரெண்டு பாக்கெட் குடுங்க" என்றாள், தக்காளி கேட்கிற குரலில். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவசரமாகக் கூரையை ஆராய்ந்தார்கள். கடைக்காரர் பழைய பேப்பரை எடுத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்ற ஆரம்பித்தார்.

"எதுக்கு அண்ணே இவ்வளவு சுத்துறீங்க? கண்ணாடிச் சாமானா?"

அவர் மூட்டையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், இவளுடைய அவசரம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, சுற்றாமலே கொடுத்தார்.

பெரியவள்தான் உடைந்துபோனாள். "நான் குடுத்த பால்தான் உன்னைக் கவுத்துடுச்சா? ஆணி அழும்போது நான் பேசாம இருந்திருக்கணும்."

"போக்கா. நீ குடுக்கலைன்னா ஆணி ஊசியாயிருப்பா. தப்பு நம்ம பால்ல இல்ல. எட்டு மணி நேரம் பிள்ளையைப் பிரிச்சு வைக்கிறானே, அந்த வேலையில. குழந்தையைப் பக்கத்துல வச்சுக்க ஒரு அறை குடுத்திருந்தா இந்தத் தாள்ல இருக்கிறதெல்லாம் தானா நடந்திருக்கும்."

"குழந்தைங்களுக்குன்னு கட்டின அறையில இப்ப என்ன வச்சிருக்கானுங்க தெரியுமா? மேனேஜரோட உடற்பயிற்சி சைக்கிள்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சின்னவளுக்குக் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

நாள் நகரவில்லை. காலையில் குமட்டினால் பயம், குமட்டாவிட்டாலும் பயம். ஒரு நாள் மெஷின் எண்ணெய் வாசனை அதிகமாக அடிப்பதாகத் தோன்றி, முழு மதியமும் நாள் கணக்குப் போட்டுக்கொண்டே தைத்தாள். எண்ணெய் டப்பா உண்மையிலேயே கவிழ்ந்திருந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

பதினேழாவது நாள். வேனில் வந்துகொண்டிருக்கும்போது அடிவயிறு இழுத்தது. பழைய, தெரிந்த இழுப்பு. வேன் நின்றதும் ஒரே ஓட்டமாகத் தொழிற்சாலைக் கழிப்பறைக்குப் போனவள், அதே வேகத்தில் வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

"அக்கா! வந்துடுச்சு!"

"என்னம்மா வந்துச்சு, போனஸா?" என்றார் காவலாளி ஆவலாக.

"அதைவிடப் பெருசு அண்ணே!"

பெரியவள் வேனிலிருந்தபடியே அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முட்டினாள். புருஷன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அப்போ அந்த ரெண்டாவது டிக்..." என்று ஆரம்பித்தான்.

"டிக்கெல்லாம் முடிஞ்சுது. நாளைக்குக் காலையில வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடுங்க. காப்பர் டி போட்டுக்கப் போறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அதான் சொல்றேன்ல."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்துவிட்டுப் போட்டார்கள். அன்று மதியம் அடிவயிற்று வலியோடு தலைமை மெக்கானிக்கின் மேஜை முன் நின்றாள். கேள்விக்கு நேராக இல்லை என்று எழுதினாள். அவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆறு மாசம். நடுவுல தலை சுத்துதுன்னு வந்து நிக்க மாட்டியே?"

"மத்த மூணு பேர்கிட்டயும் இதைக் கேட்டீங்களா சார்?"

"அவனுங்களுக்கு எதுக்கும்மா சுத்தப்போவுது?"

"அவங்க வீட்டுல குழந்தை பிறந்தா அவங்க லீவு போட வேண்டாமா?"

"அவனுங்க எதுக்குப் போடணும்?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். "திங்கக்கிழமை. காலை ஆறு மணி. லேட்டா வந்தா வெளியிலேயே நிக்க வேண்டியதுதான்."

காலை ஆறு மணி. அது பெரியவளின் ஷிப்ட். படி இறங்கும்போதுதான் அது உறைத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் ஆணிக்கும் மூட்டைக்கும் யார்? இத்தனை நாள் கர்ப்பத்தைப் பற்றியே பயந்து, நேரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

வாசலுக்கு வெளியே வேன் இன்னும் நின்றிருந்தது. பெரியவள் மூட்டைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"குடுத்துட்டாங்க அக்கா. ஆனா காலை ஷிப்ட். என்ன பண்றது?"

"தெரியும்டி. பலகையில ஒட்டின காகிதத்துலேயே நாளும் நேரமும் போட்டிருந்துச்சே. நான் ரெண்டாவது ஷிப்டுக்கு மாத்திக் கேட்டு எழுதிக் குடுத்தாச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து."

"எப்போ கேட்டே?"

"நீ பரீட்சையில முதல்ல வந்த அன்னைக்கே."

சின்னவள் ஏதாவது நக்கலாகச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் கிடந்த ஆணி அம்மாவின் குரலைக் கேட்டு வீறிட்டாள். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வேலைக்கு ஏற்கனவே இருபது நிமிஷம் தாமதம். வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, மகளை மடியில் போட்டாள்.

"சூப்பர்வைசர் கத்துவான்டி" என்றாள் பெரியவள்.

"கத்தட்டும். ஆறு மாசம் போகட்டும், அவன் மெஷின் நின்னா என்னைத்தான் கூப்பிடணும்."