சிகரமும் லிஃப்ட்காரியும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இலக்கிய உலகின் போக்கையே புரட்டிப்போடக்கூடிய, வருங்காலத் தலைமுறைகள் எழுந்து நின்று நன்றி சொல்லவேண்டிய நிகழ்ச்சி ஒன்று சென்ற வாரம் நடந்தேறியது: ஒரு நாவலாசிரியர் சிறுவர் புத்தகம் படித்தார்.

படித்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மேடைகளில் அவரை ‘நாவல் சிகரம்’ என்பார்கள். நாளடைவில் நாவல் உதிர்ந்துபோய் வெறும் சிகரம் என்று நின்றுவிட்டது. அவருடைய கடைசி நாவலில் கதாநாயகன் ஒரு சுவரைப் பார்த்தபடி நாற்பது பக்கம் உட்கார்ந்திருக்கிறான். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குழந்தை இறக்கிறது. ‘கண்ணீரை மறுக்கும் மரணம்’ என்று அதைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதினார். வாஸ்தவம்தான், யாரும் அழவில்லை. அந்தப் பக்கம் வரைக்கும் யாரும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவரை, ‘இளையோர் இலக்கியம்: வளர்ச்சியா, வீழ்ச்சியா?’ என்ற கருத்தரங்கத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். வீழ்ச்சி என்று பேச அவர் உடனே சம்மதித்தார். மேற்படி விமர்சகரும் வீழ்ச்சிதான். வளர்ச்சிப் பக்கம் பேச ஆள் கிடைக்கவில்லை; நாற்காலி மட்டும் போட்டுவைப்பதாக அமைப்பாளர் சொன்னார்.

உரை தயார். நடுவில் மேற்கோள் காட்டித் திட்டுவதற்கு ஒரு புத்தகம்தான் குறை. மகள் இருக்கும் வீட்டில் அதற்கா பஞ்சம்? பதினைந்து வயது மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

“ஒரு மட்டமான புத்தகமா பாத்துக் குடும்மா.”

“உங்களோடதா?”

“விளையாடாத. சின்னப் பசங்க படிக்கிறது.”

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ‘லிஃப்ட்காரி’ முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் உருவிக் கொடுத்தாள். பெரிய பிள்ளைகள் படிப்பது என்று இன்னொன்றையும் மேலே வைத்தாள்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“இதுல தொலைஞ்சவங்கள தேடுவாங்க. அதுல, நானே தொலைஞ்சுட்டேன்னு சொல்லிட்டு இருப்பாங்க.”

“அப்போ என் நாவல்ல?”

“அதுல யாரும் தேடுறதே இல்லையேப்பா.”

சிகரம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

முதலில் பெரிய பிள்ளைகளின் புத்தகம். அதில் ஒரு பெண், போன் வரவில்லை என்று பக்கம் பக்கமாக உருகினாள். “சே, இதெல்லாம் ஒரு இலக்கியமா!” என்று பென்சிலைக் கையில் எடுத்தவருக்குத் தன்னுடைய சுவர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணிடமாவது ஒரு போன் இருக்கிறது. பென்சிலைக் கீழே வைத்தார்.

பிறகு ‘லிஃப்ட்காரி’. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பழைய லிஃப்டை இயக்கும் பதினொரு வயதுப் பெண். ஒரு மத்தியானம் அவளுடைய தம்பி மேல்மாடியில் லிஃப்டுக்குள் தனியாக ஏறுகிறான். கதவு மூடுகிறது. கீழ்த்தளத்தில் திறக்கும்போது உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை. அவள் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். சிகரமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டீ ஆறி ஆடை கட்டுவது தெரியாமல், அவள் பின்னாலேயே மூச்சிரைக்கப் படியேறினார். வாக்கியங்கள் சின்னச் சின்னவை. உவமை கிடையாது. தத்துவம் மருந்துக்குக்கூட இல்லை. ஏன் தன்னால் நிறுத்த முடியவில்லை என்று அவருக்கு விளங்கவே இல்லை.

இரண்டாம் பாகத்தின் முடிவில் பழுதாகிக் கிடந்த லிஃப்ட் தானாக மேலே வருகிறது. கதவு விரல் அகலத்துக்குத் திறக்கிறது. இடுக்கில் தம்பியின் ஷூ தெரிகிறது. சிகரம் பரபரவென்று பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டை வந்துவிட்டது.

“மூணாவது பாகம் எங்க?”

“தோழி வாங்கிட்டுப் போனா. வேற ஊருக்குக் குடிபோயிட்டா.”

“சரி, நீ சொல்லு. தம்பி கிடைச்சானா?”

மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். “நீங்கதானே பேட்டியில சொன்னீங்க, ‘அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கிறது குழந்தைத்தனம்’னு? நான் எப்படிச் சொல்றது?”

கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை. புத்தகக் கடையில் போய்க் கேட்கலாம். ஆனால் கடைச் சுவரில் அவருடைய படம் தொங்குகிறது. அதன் கீழே நின்றுகொண்டு ‘லிஃப்ட்காரி மூணாம் பாகம் இருக்கா?’ என்று எந்த வாயால் கேட்பது? கருத்தரங்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குள் நுழைந்தார்.

அங்கே முயல் பொம்மை ஒட்டிய குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, விமர்சகர் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தது. சிகரத்தைக் கண்டதும் மூடினார்.

“ஆய்வுக்காக வந்தேன்,” என்றார்.

“நானும் ஆய்வுக்காகத்தான்.” சிகரம் பக்கத்தில் இன்னொரு முயல்மேல் உட்கார்ந்தார். “கண்ணு ஏன் சிவந்திருக்கு?”

“தூசி. பழைய புத்தகம் பாருங்க.”

“எந்தப் பாகம்?”

விமர்சகர் தயங்கினார். “மூணு.”

சிகரம் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். “அந்தக் கதவு... முழுசாத் திறக்குதா?”

“கதவுங்கிறது ஒரு குறியீடு சார். திறக்குதா இல்லையாங்கிறது முக்கியமில்ல. திறத்தல் என்கிற—”

“யோவ், குறியீட்டைத் தூக்கிக் குப்பையில போடுய்யா! பையன் உள்ள இருக்கானா இல்லையா?”

அந்தப் பக்கம் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. நூலகர் அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

“நான் இன்னும் அங்க வரல,” என்றார் விமர்சகர் சின்னக் குரலில். “பயமா இருக்கு. மெதுவாப் படிக்கிறேன்.”

இருவரும் ஒன்றாகக் குனிந்து படிக்க ஆரம்பித்தார்கள். விமர்சகர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கிற ஜாதி. சிகரம் பக்கத்தின் அடியில் போய்க் காத்துக் கிடந்தார். லிஃப்டுக்குள் ஷூ மட்டும்தான் இருந்தது, அதுவும் ஒற்றை ஷூ என்று தெரியவந்த இடத்தில் நூலகர் அம்மா விளக்குகளை அணைக்கத் தொடங்கினார். புத்தகம் விமர்சகரின் நூலக அட்டையில் எடுத்தது. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு மேடையில பாப்போம்,” என்று கிளம்பிவிட்டார்.

அன்றிரவு சிகரத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன் நாவலில் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனவர், யாரோ எழுதிய பொடியனின் ஒற்றை ஷூவுக்காக ஏன் புரண்டு படுக்கிறார்? இத்தனை வருஷம் எழுதியது தப்பா, இந்த ஒரு வாரம் படித்தது தப்பா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் வளர்ச்சியின் நாற்காலி காலியாக இருந்தது. மகள் முதல் வரிசையில். அமைப்பாளர் வரவேற்புரையை ஆதிமனிதனிலிருந்து தொடங்கினார்.

“முடிச்சீங்களா?” சிகரம் கிசுகிசுத்தார்.

விமர்சகர் தலையாட்டினார்.

“வந்தானா?”

விமர்சகர் மேசை விரிப்புக்கு அடியில் புத்தகத்தைத் தள்ளினார். ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்குள் சிகரம் கடைசி அத்தியாயத்துக்குள் போய்விட்டார். அவர் பெயரை அழைத்தார்கள். கேட்கவில்லை. மறுபடி அழைத்தார்கள். விமர்சகர் விலாவில் இடித்தபோது கடைசி வரியில் இருந்தார்.

மைக்கின் முன்னால் உரையைப் பிரித்தார். “சிறுவர் நூல்கள் நம்மை எங்கேயும் கொண்டுபோவதில்லை,” என்று முதல் வரியைப் படித்ததும் கண்ணில் நீர் வழிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம், காலி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டது. இலக்கியத்தின் வீழ்ச்சிக்காக மேடையிலேயே கண்ணீர் விட்ட முதல் எழுத்தாளர்! அமைப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் அழுதார். கைதட்டலை நிறுத்தச் சிகரத்துக்கு மனசு வரவில்லை. உரையை ஒரு எழுத்து விடாமல் கடைசிவரை படித்துவிட்டு இறங்கினார்.

வாசலில் மகள் அவர் முகத்தையே பார்த்தாள். “படிச்சிட்டீங்க போல.”

“படிச்சேன். அதுக்குப் போய் நான் ஏன்மா அழுதேன்?”

“தெரியலப்பா. நானும் அழுதேன், பத்து வயசுல.”

லிஃப்ட்காரியின் தம்பி வழியிலேயே ஐந்தாவது மாடியில் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரருடைய டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.