ஏழிலிருந்து மூன்றுக்கு

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளின் முன்னால் நாத்தனார் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அண்ணி, இது அண்ணனோட வலியா?"

"ஆமா. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, பத்துக்கு எத்தனைன்னு கேட்டு எழுதினது."

பதினெட்டு நாட்கள். ஏழில் தொடங்கிய கோடு மூன்றில் முடிந்திருந்தது. கணவரின் வலிக்கு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது அவள்தான்.

கருத்துக்கணிப்பு அலுவலகத்தில், வந்து குவிகிற படிவங்களின் பதில்களை எண்களாக்குவது அவள் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவாள்: "எட்டு கிலோன்னா நாலு கிலோவுக்கு ரெண்டு மடங்கு, சரி. ஆனா பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் எட்டு போட்டா, நாலைவிடக் கூடன்னு மட்டும்தான் தெரியும். எவ்வளவு கூடன்னு அவருக்கே தெரியாது. அதைப் போய்க் கூட்டி வகுக்காதீங்க." ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் காலை எண்ணையும் மாலை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் புள்ளி வைத்தாள். கோடு இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாள்.

ஐந்துக்கு மேல் சொன்னால் இரண்டாவது மாத்திரை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி ஒரு வாரம் கணவர் ஐந்தைத் தொடவே இல்லை.

"இப்ப எத்தனை?" என்று அந்த வாரமும் கட்டிலருகே நின்று கேட்டாள்.

"மூணு."

"நெஜமாவா?"

"ஆபீஸ் படிவத்த வீட்டுக்கே கொண்டாந்துட்டியா? மூணுன்னு எழுதிக்கோம்மா."

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துக் கிடந்தன. ஒரே ஒருநாள், "அப்ப பத்துன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "மொத நாள் ஏழுன்னு சொன்னேன் பாரு, அப்ப எனக்கு வலின்னா என்னன்னே தெரியாது. இந்தப் பத்து தள்ளித் தள்ளிப் போயிட்டே இருக்கு."

அதைக் கேட்டுவிட்டும் மூன்று என்றுதான் எழுதினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மேசையை ஒழித்தபோது, வலி மாத்திரை அட்டையில் பதினோரு மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. அழுகை வரவில்லை. ஒருமுறை எண்ணினாள். இன்னொருமுறை எண்ணினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துணியெடுத்து மேசையைத் துடைத்தாள்.

"கோடு இறங்கிக்கிட்டேதானே அண்ணி போகுது?" நாத்தனார் தாளை விட்டுத் திரும்பவில்லை. "அம்மா தினமும் அதையேதான் கேக்குறாங்க. எம்புள்ள ரொம்பத் துடிச்சானான்னு. சோத்துல கை வெச்சா கேக்குறாங்க, படுத்தா கேக்குறாங்க. எனக்குச் சொல்ல வாயே வரல."

அலுவலகத்தில் சொல்கிற வாக்கியம் முழுதாக நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"இறங்கிட்டேதான் போச்சு," என்றாள். எண்கள் இறங்கித்தான் இருந்தன.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேநீரைக் கீழே வைத்தாள். கைபேசியை எடுத்துத் தாளுக்கு நேராகப் பிடித்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க அண்ணி. உங்க நிழல் விழுது."

அவள் இடப்பக்கமாக ஓரடி நகர்ந்தாள். தாளின் வலது ஓரத்தில் படிந்திருந்த நிழல், கடைசி நாளை விட்டு, அதற்கு முந்தின நாளை விட்டு, ஒவ்வொரு நாளாக விலகிக்கொண்டு போனது.