ராஜ்கோட்டுக்குப் போன நீல வண்டி

சங்கரலிங்கம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் அந்த வேலையை எட்டு வயது மகள் பேச்சியின் தலையில் கட்டினார்.

எழுபத்தொன்பதாம் வருடம், கொச்சி. மட்டாஞ்சேரி சேட்டு ஒருவர் ராஜ்கோட்டில் லாரி ஷெட் திறந்து, மெக்கானிக் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார். தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பத்தையும் ஏற்றிப் போக சங்கரலிங்கம் ஏலத்தில் ஒரு பழைய வேனை எடுத்தார். ஜன்னல் வெட்டி, படுக்கப் பலகை அடித்து, ஸ்டவ்வுக்கு மூலை ஒதுக்கி, வெளியே ஆகாச நீலம் பூசினார். குட்டி வீடாகவே ஆகிவிட்டது. அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பதில்தான் சிக்கல். வருடக்கணக்காக அது கார்ப்பரேஷனின் சவ வண்டி.

பெயிண்ட் அடிக்கும் முன்பே பேச்சி அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மைட்ட மூச்சு விடாதே மோளே. அறிஞ்சா அந்த நிமிசமே எறங்கி, உன்னையும் இழுத்துக்கிட்டுத் திரும்பிருவா" என்றார் சங்கரலிங்கம்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. அம்மா மாயம்மாள் சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் வாசற்படி மிதிக்க மாட்டாள். அப்பாவை விட்டுவிட்டு இருக்கப் பேச்சிக்கு மனசில்லை. வாயைப் பூட்டிக்கொண்டாள்.

ஆலுவாவில் சாயா குடிக்க நிறுத்தினார்கள். கடைக்காரச் சேட்டன் எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் வண்டியைச் சுற்றி வந்தான். "இந்த வண்டி ஞான் கண்டிட்டுண்டல்லோ. கொச்சியிலெ..." என்று ஆரம்பித்தான். பேச்சி கையிலிருந்த சாயாவைப் பாவாடையில் கவிழ்த்துக்கொண்டு அலறினாள். பேச்சு அத்தோடு நின்றது. தொடை சிவந்துபோனதை இன்றைக்கும் அவள் பெருமையாகச் சொல்வாள்.

மாயம்மாள் மட்டும் மகாராணியாக வந்தாள். ஓடுகிற வண்டியில் உள்ளி நறுக்கினாள், பலகையில் காலை நீட்டிக் குறட்டை விட்டாள். தூக்கம் கெட்டது ரகசியம் காத்த இரண்டு பேருக்குத்தான். படுத்தால் செத்தவர்கள் வந்து இடம் கேட்பார்களோ என்று பேச்சி உட்கார்ந்தபடியே வந்தாள்.

பூனாவுக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானம், ரேடியேட்டர் கொதித்தது. அப்பா வாளியோடு தண்ணீர் தேடிப் போனார்.

"ஏட்டி, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. படேன்" என்றாள் மாயம்மாள்.

பேச்சி உடைந்துபோனாள். "இது செத்தவங்கள ஏத்துற வண்டிம்மா! திரும்பிப் போயிராதம்மா!"

மாயம்மாள் சிரித்துவிட்டாள். "எனக்கு அறியாதாட்டீ? நீலம் பூசினாப் போதுமா? பின்கதவு அடைக்குற சத்தம் மாறுமா?"

கல்யாணத்துக்கு முந்தி, எர்ணாகுளம் ஆஸ்பத்திரியிலிருந்து செத்துப்போன தன் அப்பாவை அவள் இதே வண்டியில்தான் கொண்டுவந்தாளாம். பக்கத்தில் அவள் மட்டுமாம்.

"அப்ப தீட்டு?"

"எங்கப்பன் எனக்குத் தீட்டா? மூட்டை தூக்கியே தீர்ந்துபோன மனுசன். நம்ம பக்கத்து வைப்பின் தீவத் தாண்டி ஒரு ஊரு கண்டதில்ல." பலகையைத் தடவிக்கொடுத்தாள். "இப்போ எங்கூட ஊரெல்லாம் காணட்டும்."

சொல்லும்போதே அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

தூரத்தில் வாளி ஆட்டிக்கொண்டு வரும் புருஷனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தாள். "அப்பாட்ட சொல்லாதே. ராஜ்கோட் வரைக்கும் அந்த ஆளு கொஞ்சம் பயந்து, பையப் பைய ஓட்டட்டும்."

பேச்சி அம்மா மடியில் தலைவைத்தாள். எவ்வளவோ எழுப்பிப் பார்த்தார்களாம். பம்பாய் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது.