கிளட்ச் மேல் ஒரு கால்

யாரோ பெட்ரோல் திருடுகிறார்கள் என்று தேவசகாயம் முடிவே கட்டிவிட்டார். ஜனவரியில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி, ஜூலையில் பதினாலுதான் ஓடியது. திண்டிவனத்தில் பங்க்கை மாற்றினார். மெக்கானிக்கை மாற்றினார். எஞ்சினில் குறையில்லை என்றுதான் புது மெக்கானிக்கும் சொன்னார்.

“வண்டிக்கு வயசாவுது. மாசத்துக்கு ஒண்ணு குறையுது, அவ்ளோதான்” என்று கடைசியில் மகள் ஜெர்லினிடம் சலித்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் ஆறு கிலோமீட்டர். சராசரி சரிதான். ஜெர்லின் நடுவில் மே மாதத்தை வைத்துப் பார்த்தாள். அப்போது பதினெட்டு. அப்படியானால் முதல் நாலு மாதம், மாதத்துக்கு அரைதான். கடைசி இரண்டு மாதம், மாதத்துக்கு இரண்டு!

வயசு இப்படிப் பாயாது.

மறுநாள் காலை விழுப்புரம் சவாரிக்குக் கிளம்பியவரின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு என்று சிரித்தார். வழக்கம்போலச் செருப்பை டிக்கியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். டேஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா. அவளுக்கு முன்னால் செருப்பு ஏறியதே இல்லை.

விக்கிரவாண்டி டோலைத் தாண்டியதும் எஞ்சின் உறுமியது. வண்டி இழுக்கவில்லை. கருகல் வாசனை. ஜெர்லின் குனிந்தாள். அவருடைய இடது பாதம் கிளட்சைப் பாதி அழுத்தியபடி கிடந்தது. பெட்ரோல் வீணாய்ப் போன வழி அதுதான்.

“கிளட்ச்லேர்ந்து காலை எடுங்கப்பா.”

“அப்பவே எடுத்துட்டேனேம்மா.”

எடுக்கவில்லை.

ஓரம் கட்டச் சொன்னாள். பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு, சுற்றிலும் காய்ந்த ரத்தம். எப்போது குத்தியது என்று கேட்டாள். குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. பல வருடத்துச் சர்க்கரை சத்தமில்லாமல் உள்ளே வேலை பார்த்திருந்தது.

“பிரேக்கு வலது கால்லதானம்மா? அது நல்லாக்கீது. கிள்ளிப் பாரேன்.”

நகம் பதியக் கிள்ளினாள். அவர் காத்திருந்தார்.

“கிள்ளிட்டியா?”

அவள் கண்களைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துபோனது. விழுப்புரத்துக்குப் போன் போட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாதாவைத் தொட்டுக் கும்பிட்டார். சாவியை உருவி மகளிடம் நீட்டினார்.

இனி பஸ்தான். டிக்கியிலிருந்து செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு கால்களை நுழைத்தார். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ரெண்டும் மாட்டிக்கினேனாம்மா?”